சில்லு மிஸ்ஸும் அடைக்கோழிப் பேசினும்

நாய் வளர்க்கிறவர்களை எனக்குத் தெரியும். கிளி வளர்க்கிறவர்களைத் தெரியும். அணில் குட்டியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய்வந்த ஒருவரையும் வட்டக்கச்சியில் கண்டிருக்கிறேன். ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒன்றை லட்சக்கணக்கில் வளர்த்து, அதன் சுகதுக்கத்துக்காகச் சோறு தண்ணீர் மறந்த மனுஷி இந்த வன்னிப் பெருநிலம் முழுக்கத் தேடினாலும் ஒருத்திதான். அவள் போய் எனக்கு அறைத்தோழியாக வாய்த்தாள். என் சாதகத்தில் அது எந்தக் கட்டத்தில் எழுதியிருந்ததோ தெரியாது.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. எங்கள் ஒழுங்கைக்கு, அந்த ஒடுக்கமான சின்னத் தெருவுக்கு, வந்த முதல் வாரமே அது வழக்கொழிந்து போயிற்று. ஒழுங்கையின் முடிவில் இருந்த மீன்குஞ்சு நிலையத்தில் அவளுக்கு வேலை. குளத்துத் தண்ணீரில் வாழும் ஓர் அற்பப் பிராணிதான் அவளுடைய உயிர். அதன் தலையில் நுண்ணிய மயிர்கள் சுழல்வதைப் பார்த்தால் இரண்டு சில்லுகள் உருள்கிற மாதிரி இருக்கும். படித்தவர்கள் பிராக்கியோனஸ் என்பார்களாம். அவள் சில்லுப்பூச்சி என்று பெயர் வைத்திருந்தாள். ஒழுங்கைச் சனம் பூச்சியை விட்டுவிட்டுச் சில்லை எடுத்து அவளுக்கே சூட்டிவிட்டது. அன்றிலிருந்து அவள் சில்லு மிஸ்.

நாங்கள் இருவரும் பவளம் அன்ரி வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தோம். நான் கிளிநொச்சி நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்துக்குப் போய்வருகிறவள். சில்லு மிஸ் வந்து இறங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தன் உடுப்புகளை ஒரு பையில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் நடந்து வந்தாள். பூச்சிகள் லான்ட்மாஸ்டர் உழவு வண்டியில் வந்தன. பச்சைத் தண்ணீர் நிறைந்த போத்தல்களை ஒவ்வொன்றாக இறக்க இறக்க, அன்ரியின் முகம் கறுத்துக்கொண்டே போனது.

“உதுக்குள்ளை என்ன பிள்ளை? பாசித் தண்ணியோ?”

“பூச்சியள் அன்ரி. கண்ணுக்குத் தெரியாது.”

“உயிர்ப் பிராணியோ? அப்ப மச்சமெல்லே!”

எங்கள் பக்கத்தில் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் மச்சம். அன்ரியின் குசினியில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. இரண்டும் ஒன்றையொன்று கண்ணாலும் கண்டதில்லை.

“அதுகள் சுத்த சைவம் அன்ரி. பாசியைத் தவிர வேறை ஒண்டையும் வாயிலை வைக்காதுகள்.”

“வெள்ளிக்கிழமையிலையுமோ?”

“பிறந்ததிலையிருந்து செத்துப்போற வரைக்கும் சைவம்.”

அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல்நாள் வெள்ளிக்கிழமை நான் கருவாட்டோடு பிடிபட்டிருந்தேன். “உன்னை விடத் திறமான சீவன்கள் போலை கிடக்கு,” என்றார். சில்லு மிஸ்ஸுக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த அறையில் நான்தான் வந்தாள் வரத்தாள். யன்னலில் போத்தல், அலுமாரியின் மேல் போத்தல், கட்டிலுக்குக் கீழே போத்தல். ஏன் இவற்றை நிலையத்திலேயே வைக்கக்கூடாது என்று ஒருநாள் கேட்டேன். “அங்கை ஆரும் ஊத்தை எண்டு நினைச்சுக் கழுவிப்போடுவினம். வீடெண்டால் பயமில்லை,” என்றாள். இந்த வாக்கியத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஒருமுறை வெயிலில் வந்த களைப்பில் மேசையில் இருந்த கிளாசை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டேன். வாய்க்குள் ஒரு குளமே இறங்கியது. சில்லு மிஸ் தலையில் கைவைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டாள். “எத்தினை தாய்மார் தெரியுமோ உதுக்குள்ளை! எல்லாரும் முட்டையோடை நிண்டவை!” என்று அழாக்குறையாகச் சொன்னாள். என் வயிறு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்ரிக்கும் இந்தக் குடும்ப விவகாரத்தில் மெல்ல மெல்ல ஆர்வம் வந்தது. ஒரு பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

“எப்பிடிப் பிள்ளை உது இந்தக் கெதியிலை பெருகுது? கலியாணம் காட்சி எல்லாம் எப்ப நடக்குது?”

“இதுகளுக்குக் கலியாணமே இல்லை அன்ரி. தாய் தனியத்தான் முட்டை போடுவா. அதைப் பின்பக்கத்திலை கொழுவிக்கொண்டு திரிவா. அதிலையிருந்து மகள் வருவா. மகள் ரெண்டொரு நாளிலை தாயாகிடுவா. எல்லாம் பொம்பிளையள்தான். தகப்பன் எண்ட கதையே கிடையாது.”

“ஆம்பிளை எண்டு மருந்துக்கும் இல்லையோ?”

“கஷ்டகாலத்திலை மட்டும் வருவினம். சனம் நெருக்குப்பட்டால், சீவிக்க ஏலாமல் போனால், அப்பதான் ஆம்பிளைக் குஞ்சுகள் பிறக்கும். சின்ன ஆக்கள். தின்ன வாயுமில்லை, குடலுமில்லை.”

அன்ரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “சோறு கேக்காத ஆம்பிளையோ! கடவுள் அதுகளுக்கு எவ்வளவு குடுத்து வைச்சிருக்கிறார், பாத்தியோ?”

சிரித்ததில் எனக்குப் புரைக்கேறியது. சில்லு மிஸ் சிரிக்கவில்லை. பூச்சி விஷயத்தில் அவளுக்குப் பகிடி பிடிக்காது. “அவையளைக் குறைச்சுக் கதைக்காதேங்கோ அன்ரி. அவை வந்தபிறகு தாய் போடுற முட்டை வேறை மாதிரி. கோது தடிப்பு. அடியிலை போய்க் கிடக்கும். தண்ணி வத்தி, சேறு காய்ஞ்சு வெடிச்சாலும் உள்ளுக்கு உயிர் இருக்கும். திரும்பத் தண்ணி வந்தால் பொரிக்கும்.”

அன்ரியின் மனுசன் சண்டையின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவர். அன்ரி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது இந்த வளவில் கிணற்றையும் ஒரு கறிவேப்பிலை மரத்தையும் தவிர ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. இந்த வீடு அன்ரி தனியாக நின்று கட்டியது.

“எவ்வளவு காலம் கிடக்கும் பிள்ளை?”

“வருசக்கணக்கிலை அன்ரி.”

“நல்லது,” என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.

இவ்வளவும் கேட்ட பிறகும் அன்ரி சும்மா இருக்கவில்லை. சில்லு மிஸ்ஸுக்கு ஒரு சம்பந்தம் பேசினார். மாப்பிள்ளையின் தாய் பெண் பார்க்க வந்தா. சில்லு மிஸ் பலகாரத் தட்டோடு வருவாள் என்று எல்லோரும் காத்திருக்க, அவள் பூச்சி பார்க்கும் நுணுக்குக்காட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த அம்மாவின் முன்னால் வைத்தாள். வந்தவவுக்கு மரியாதை செய்வதாகத்தான் அவள் மனதார நினைத்தாள். அம்மாவும் ஆசையோடு குனிந்து பார்த்தா. ஆண் துணை இல்லாமல் இவர்கள் எப்படித் தலைமுறை தலைமுறையாக நன்றாக வாழ்கிறார்கள் என்று சில்லு மிஸ் விளக்கத் தொடங்கினாள். அவள் மூன்றாம் தலைமுறைக்கு வருவதற்குள் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டா. முறுக்கு முழுவதும் எங்களுக்கே மிஞ்சியது.

இதே நாட்களில்தான் கிணற்றடியில் சில்லு மிஸ் பூச்சி வளர்த்த அகன்ற அலுமினியப் பேசினில் பூச்சிகள் அளவுமீறிப் பெருகிவிட்டன. அதில் ஆண்கள் தோன்றிவிட்டார்கள் என்று சில்லு மிஸ் வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். பிறகு அந்தப் பேசினை அப்படியே காயவிட்டாள். அடியில் மண்ணிறமாக ஓர் ஆடை படிந்தது. “அன்ரி, எதைக் கழுவினாலும் இதைக் கழுவாதேங்கோ. உள்ளுக்கு முட்டை கிடக்கு,” என்று கெஞ்சினாள்.

அன்ரி கழுவவில்லை. ஆனால் அன்ரியின் சிவத்தப் பேட்டுக்கோழி அடைகாக்க இடம் தேடிக்கொண்டு வந்து அந்தப் பேசினுக்குள் ஏறி இருந்துவிட்டது. அன்ரியும் கொஞ்சம் வைக்கோல் போட்டு முட்டைகளை வைத்துவிட்டார்.

“அன்ரி, அதுக்குள்ளை என்ரை முட்டை கிடக்கெல்லே!”

“உன்ரை முட்டை கீழை கிடக்கட்டும், என்ரை முட்டை மேலை கிடக்கட்டும். அடைக்கிருக்கிற கோழியை நான் எழுப்ப மாட்டன்.”

இந்தப் பூச்சிகள் எல்லாம் எதற்காக என்றால், விராலுக்காக. மழை பொய்த்ததில் எங்கள் பக்கத்துச் சின்னக் குளங்கள் வற்றி, விரால் இல்லாமல் போயிருந்தது. சில்லு மிஸ்ஸின் தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து ஜெயபுரத்தில் காடு வெட்டி வயல் செய்தவர்கள். அவர்களுடைய ஊர்க் குளத்தில் திரும்பவும் விரால் விடவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். விரால் குஞ்சின் வாய் ஊசித் துவாரம் அளவுதான். அந்த வாய்க்குள் போகக்கூடிய சாப்பாடு சில்லுப்பூச்சி. நிலையத்துப் பொறுப்பாளருக்கு இதில் நம்பிக்கை இல்லை. முன்பு இரண்டு தடவை குஞ்சுகள் செத்திருந்தன. “இந்த முறையும் குஞ்சுகள் தப்பாட்டில் தொட்டியைத் திலாப்பியா மீனுக்குக் குடுத்திடுவன் பிள்ளை. பேந்து விரால் எண்டு என்னட்டை வரக்கூடாது,” என்று சொல்லிவிட்டார்.

விராலோ மழை வந்தால்தான் முட்டையிடுவேன் என்று அடம்பிடித்தது. வைகாசி வெயிலில் மழைக்கு எங்கே போவது? சில்லு மிஸ் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று பூவாளியால் தொட்டிக்குள் மழை பெய்தாள். அது போதாதென்று ஒரு தகரத் துண்டைத் தடியால் அடித்து இடியும் இடித்தாள். ஒழுங்கையில் மிளகாய் காயப்போட்டிருந்தவர்கள் சாக்கோடு ஓடிவந்து எல்லாவற்றையும் அள்ளினார்கள். அண்ணாந்து பார்த்தால் வானத்தில் மருந்துக்கும் முகில் இல்லை. அன்று அவள் வாங்கிய ஏச்சுக்கு வேறு யாராயிருந்தாலும் ஊரைவிட்டே போயிருப்பார்கள். ஆனால் ஒழுங்கைச் சனத்தோடு விரால்களும் ஏமாந்துவிட்டன. விடிந்தபோது தொட்டியில் முட்டை மிதந்தது.

முட்டை பொரித்துக் குஞ்சும் வந்தது. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சட்கரு தீரும்வரைக்கும் அவற்றுக்குச் சாப்பாடு வேண்டாம். அது தீரப்போகிற கிழமையில்தான் வற்றாப்பளை அம்மன் பொங்கல் வந்தது.

பொங்கல் கிழமையில் அன்ரி வேறு மனுஷி. வீடு கழுவி, முற்றம் மெழுகி, மச்சச் சட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொட்டிலுக்குள் ஒதுக்கிவிட்டு விரதம் பிடிப்பார். அந்த நாட்களில் கருவாடு என்ற சொல்லைக்கூட நான் வாய்க்குள் வைத்துக்கொள்வேன். சில்லு மிஸ்ஸின் போத்தல்களுக்கு மட்டும் தடை இல்லை, அவைதான் சைவமாயிற்றே.

அன்று காலையில் சில்லு மிஸ்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அன்ரி, ஒருக்கால் வந்து பாருங்கோ. நாளைக்கு என்ரை குஞ்சுகளுக்கு இதுதான் முதற் சாப்பாடு,” என்று நுணுக்குக்காட்டியில் ஒரு துளியை வைத்துக் காட்டிவிட்டு, தொட்டியைப் பார்க்கச் சைக்கிளில் ஓடிவிட்டாள். அன்ரி பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று, “அட கோதாரி!” என்று பின்னால் சாய்ந்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். சில்லுப்பூச்சிகளின் நடுவே கண்ணாடிப் பைபோல் ஒன்று பெரிதாக மிதந்தது. அதுவும் சில்லுப்பூச்சிக்குத் தூரத்து உறவுதான். அஸ்பிளாங்னா என்று பெயராம், பிறகு தெரிந்துகொண்டேன். குளத்துத் தண்ணீரோடு எப்படியோ புகுந்திருந்தது. உறவு முறை ஒன்றும் பாராமல் ஒரு சில்லுப்பூச்சியை முழுசாக விழுங்கிக்கொண்டிருந்தது. விழுங்கப்பட்டது அதன் வயிற்றுக்குள் கிடப்பது வெளியிலிருந்தே தெரிந்தது.

“மச்சம் தின்னுது! அம்மாளின்ரை கிழமையிலை, என்ரை வீட்டுக்குள்ளை, உயிரோடை முழுங்குது!”

“அன்ரி, அவள் வரட்டும். அவளிட்டைக் கேட்டுப்போட்டு...”

“நீ பேசாமல் வேலைக்குப் போ. உனக்குக் கருவாடும் ஒண்டுதான், கத்தரிக்காயும் ஒண்டுதான்.”

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பின்னேரம் திரும்பி வந்தபோது வேலிக் கதிகால்களில் போத்தல்கள் வரிசையாகக் கவிழ்ந்து வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தன. மஞ்சள் தண்ணீர் வாசம் ஒழுங்கை வரைக்கும் வந்தது. போத்தல்களின் முன்னால் சைக்கிளைப் பிடித்தபடி சில்லு மிஸ் நின்றாள். அவளும் அப்போதுதான் வந்திருந்தாள்.

அவள் எங்களைப் போலத்தான் பேசுவாள். உள்ளே ஏதாவது உடைந்தால் மட்டும் தாயின் தமிழ் வாயில் வந்துவிடும்.

“என்னாத்துக்கு ஊத்துனீங்க? யாரக் கேட்டு ஊத்துனீங்க? நாளைக்கு அதுங்க வாயத் தொறக்கும். நான் என்னாத்தக் குடுப்பேன்?”

அன்ரி விளக்கம் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார். “குளத்திலை போய் அள்ளேலாதோ?” என்று நான் கேட்டேன். பெரிய குளத்தில் அள்ளினால் குஞ்சையே தின்னுகிற பூச்சிகளும் சேர்ந்து வரும், பிரித்தெடுத்துப் பெருக்குவதற்குள் குஞ்சுகள் பட்டினியில் போய்விடும் என்றாள். சொல்லிவிட்டு முற்றத்து மண்ணிலேயே இருந்துவிட்டாள். அவ்வளவு காலமும் அந்தப் போத்தல்களைத் திட்டியவள் நான்தான். அன்று ஒரு போத்தலாவது மிஞ்சியிருக்கக்கூடாதா என்று வேலி முழுக்கத் தேடினேன்.

நெடுநேரத்துக்குப் பிறகு அன்ரி மெதுவாகச் சொன்னார். “பேசினை நான் கழுவேல்லைப் பிள்ளை. கோழி கிடந்தது.”

சில்லு மிஸ் தலையை நிமிர்த்தினாள்.

மூன்று பேரும் கிணற்றடிக்குப் போனோம். சிவத்தப் பேடு எங்களைப் பார்த்து இறகைச் சிலிர்த்தது. சில்லு மிஸ் அன்ரியைப் பார்த்தாள். அடைக்கோழியை எழுப்பாத அன்ரி, சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் அதை அப்படியே தூக்கினார். அது கொத்திய கொத்தில் மணிக்கட்டில் இரத்தம் வந்தது. “கொத்தடி, கொத்து. எனக்கு வேணும்,” என்றபடி கோழியையும் முட்டைகளையும் ஓர் ஓலைக் கடகத்துக்கு மாற்றினார். வைக்கோலுக்குக் கீழே அந்த மண்ணிற ஆடை காய்ந்து வெடித்துக் கிடந்தது. சில்லு மிஸ் அதைச் சிரட்டைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, போத்தல்களில் போட்டு, நல்ல தண்ணீர் வார்த்து வெளிச்சத்தில் வைத்தாள்.

“இது பொரிக்க ஒண்டு ரெண்டு நாள் செல்லும். அது மட்டும் குஞ்சுகள் தாங்காது,” என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, “அவிச்ச முட்டையின்ரை மஞ்சட்கருவைத் துணியிலை வடிச்சுக் குடுத்தால் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம்,” என்று முடித்தாள்.

விரத வீட்டில் முட்டை. நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அன்ரி கோழிக் கூட்டுக்குள் கையை விட்டு அன்று இட்ட முட்டையை எடுத்தார். வேலிக்கு வெளியே மூன்று கல் வைத்து, பழைய பால்மாத் தகரப் பேணியில் தண்ணீர் கொதிக்க வைத்தார்.

“அன்ரி, விரதமெல்லே?” என்றேன்.

“அம்மாள் எண்டால் தாய்தானே. பசிச்ச குஞ்சுக்கு முட்டை அவிச்சதுக்குக் கோவிக்க மாட்டா. கோவிச்சால் நான் கதைக்கிறன்.”

அவித்த கையோடு கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினார். அடுத்த வேளை திரும்பவும் அவித்தார், திரும்பவும் முழுகினார். அவருக்குத் தடிமன் பிடித்துத் தும்மல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. சில்லு மிஸ் துணியில் வடித்த மஞ்சளைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கும் வீட்டுக்கும் சைக்கிளில் ஓடினாள். கொஞ்சக் குஞ்சுகள் செத்தன. மற்றவை தாக்குப்பிடித்தன. ஆனால் மஞ்சட்கருவால் தண்ணீர் பழுதாகத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒருநாள்தான் தாங்கும் என்று அவள் சொன்னாள்.

அடுத்த நாள் காலை நுணுக்குக்காட்டியில் ஒரு துளியை வைத்துவிட்டு அவள் விலகி நின்றாள். பார்க்கப் பயமாம். நானும் மாட்டேன் என்றேன். கடைசியில் அன்ரிதான் மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

“பிள்ளை... சில்லு சுத்துது.”

“மெய்யாத்தானோ அன்ரி? வடிவாப் பாருங்கோ!”

“சுத்துது எண்டுறன்! ஒராள் நிக்கிறா. ஆம்பிளையோ பொம்பிளையோ?”

“பொம்பிளைதான் அன்ரி. அந்த முட்டையிலையிருந்து வாறது எப்பவும் பொம்பிளைதான்.”

“தனியவோ வந்திருக்கிறாள்?”

“ஓம், தனியத்தான்.”

அன்ரி கண்ணை எடுக்கவில்லை. “பரவாயில்லை. சமாளிப்பாள்,” என்றார்.

சமாளித்தாள். அவளும் அவளோடு பொரித்த மற்றவர்களும் இரண்டொரு நாளில் போத்தல்களை நிறைத்துவிட்டார்கள். அதுவரைக்கும் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியதில் குஞ்சுகள் எப்படியோ பொறுத்துக்கொண்டன. பொங்கலுக்கு முதல்நாள் பொறுப்பாளர் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். சிவத்தக் குஞ்சுகள் திரள் திரளாக ஓடின. “சரி பிள்ளை, தொட்டி உனக்குத்தான்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வற்றாப்பளைக்கு நாங்கள் மூவருமே போனோம். அன்ரி வெகுநேரம் கைகூப்பி நின்றார். முட்டைக் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார் என்று சில்லு மிஸ் என் காதுக்குள் சொன்னாள். மாரி மழைக்கு ஜெயபுரத்துக் குளம் நிரம்பியபோது விரால்கள் அங்கே போய்ச் சேர்ந்தன.

சில்லு மிஸ் இப்போது வவுனியாப் பக்கம் வேலைக்கு மாறிப் போய்விட்டாள். போகும்போது பேசினில் திரும்பவும் ஒருமுறை முட்டைகளைக் காயவிட்டு, அதை அன்ரியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனாள். நானும் கலியாணம் முடித்து நகரத்துக்கு வந்துவிட்டேன். போன கிழமை அன்ரியைப் பார்க்கப் போயிருந்தேன். கதிரையில் இருக்கவிடாமலே முறைப்பாடு தொடங்கியது.

“உன்ரை சிநேகிதி கிழமைக்கு ஒருக்கால் போன் எடுப்பாள். எடுத்த உடனை, ‘அன்ரி, பேசின் எப்பிடி இருக்கு?’ எண்டுதான் கேள்வி. நான் இருக்கிறனோ செத்தனோ எண்டது பேந்துதான்.”

அப்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை உண்மையான மழை. முதல் துளி தகரத்தில் விழுந்ததும் அன்ரி எழும்பி ஓடினார். கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்கத்தான் ஓடுகிறார் என்று நானும் பின்னால் ஓடினேன். அவர் கொடியைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனார். அடியில் சேறு காய்ந்து கிடந்த அந்தப் பழைய பேசினைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தார்.

“அன்ரி, உடுப்பெல்லாம் நனையுது!”

“நனையட்டும். மழை பட்டால் உதுகள் பொரிச்சிடுங்கள். அவள் இல்லாத நேரத்திலை வந்து, பாவம், ஆரைத் தேடுறது? அவள் வந்து தண்ணி வார்க்கட்டும்.”

நான் உடுப்பு எடுக்கப் போகவில்லை. பேசினின் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.